டைட்டானிக் பயணத்தில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்கள்

டைட்டானிக் கப்பலின் முதலும் கடைசியுமான பயணத்தின்போது அதில் சென்ற பயணிகள் எடுத்த ஒளிப்படங்களில் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில. அவற்றுள் பெரும்பான்மையானவை அயர்லாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் பிரௌன் (1880–1960) என்னும் இயேசு சபைத் துறவி எடுத்தவை. 1912 ஏப்ரல் 10 அன்று இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் துறைமுகத்தில் ஏறிய அவர், மறுநாள் அயர்லாந்தின் குயின்ஸ்டவுனில் இறங்கிவிட்டார். ஏப்ரல் 15 அதிகாலையில் கப்பல் மூழ்கியது. பயணத்தைத் தொடர்ந்தவர்களின் ஒளிப்படக்கருவிகளும் படச்சுருள்களும் கப்பலோடு கடலுக்குள் போயின. இடையில் இறங்கியவர்கள் கையோடு கொண்டுவந்த படங்களே தப்பின.

விடுமுறைப் பயணத்தின் நினைவுக்காக எடுத்த படங்கள் வரலாற்றுச் சான்றுகளாக மாறியதற்கு இவை சிறந்த எடுத்துக்காட்டு. பயணிகளை மீட்ட கர்பேத்தியா கப்பலில் எடுக்கப்பட்ட படங்களும் இவற்றோடு சேர்த்து எண்ணப்படுகின்றன.

பின்னணி

கடற்பயணத்தில் பயணிகளே படமெடுக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. அதற்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று, உல்லாசக் கப்பல் பயணம் என்னும் புதிய தொழில். மற்றொன்று, எவரும் கையாளக்கூடிய எளிய ஒளிப்படக்கருவி.

குளிர்காலத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் பயணிகள் குறைவு. அக்காலத்தில் பெரிய கப்பல்கள் வேலையின்றிக் கிடந்தன. ஜெர்மனியின் ஹாம்பர்க்–அமெரிக்கா கப்பல் நிறுவனத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் பாலின் இதற்கு ஒரு வழி கண்டார். 1891 சனவரியில் அகஸ்டா விக்டோரியா என்னும் கப்பலை, ஏறத்தாழ 240 பயணிகளோடு மத்தியதரைக் கடலைச் சுற்றிவர அனுப்பினார். ஓர் ஊருக்குப் போய்ச் சேருவதற்காக இல்லாமல், பயணம் செய்வதற்காகவே மக்கள் கப்பலேறினர். இத்திட்டம் வெற்றி பெறவே, உல்லாசப் பயணத்துக்கென்றே பிரின்செசின் விக்டோரியா லூயிசே என்னும் கப்பலை அந்நிறுவனம் 1900இல் கட்டியது. அதில் நூலகம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றோடு, பயணிகள் தாங்கள் எடுத்த படங்களைக் கழுவிக்கொள்ள ஓர் இருட்டறையும் இருந்தது. பத்தாண்டுகளுக்குள் கப்பலில் படமெடுப்பது எவ்வளவு பரவிவிட்டது என்பதற்கு அந்த இருட்டறையே சாட்சி.

அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் கோடக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் விலை 25 டாலர். நூறு படங்களுக்கான சுருள் உள்ளேயே இருந்தது. எடுத்து முடித்ததும் கருவியை அப்படியே நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டால், படங்களை அச்சிட்டுக் கொடுத்து, புதிய சுருளையும் இட்டுத் திருப்பி அனுப்பினர். 1900இல் வந்த பிரௌனி என்னும் பெட்டிக் கருவியின் விலை ஒரே டாலர். அதன்பின் சிறுவர் சிறுமியரும் படமெடுக்கத் தொடங்கினர். 1912இல் அட்லாண்டிக்கில் செல்லும் எந்தப் பெரிய கப்பலிலும் ஒளிப்படக்கருவியோடு சில பயணிகள் இருப்பது இயல்பாகிவிட்டது.

பிரான்சிஸ் பிரௌன்

பிரான்சிஸ் பிரௌன் 1880 சனவரி 3 அன்று அயர்லாந்தின் கார்க் நகரில், எட்டுப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். பிறந்த சில நாள்களில் தாய் இறந்தார். 1889இல் தந்தை நீரில் மூழ்கி இறந்தார். பெற்றோரை இழந்த பிள்ளைக்குச் சிற்றப்பா ராபர்ட் பிரௌன் ஆதரவாக இருந்தார். அவர் பின்னர் குளோயின் மறைமாவட்டத்தின் ஆயரானார். அவருடைய பேராலயமும் இல்லமும் குயின்ஸ்டவுன் துறைமுக நகரில் இருந்தன.

1897இல் பள்ளிப் படிப்பை முடித்த பிரௌன் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் புறப்பட்டபோது, சிற்றப்பா அவருக்கு ஓர் ஒளிப்படக்கருவி வாங்கிக் கொடுத்தார். அப்பயணத்தில் எடுத்த படங்களிலிருந்து அவருடைய ஒளிப்பட வாழ்க்கை தொடங்குகிறது. அதே ஆண்டில் அவர் இயேசு சபையில் சேர்ந்தார். டப்ளினில் பல்கலைக்கழகக் கல்வி பயின்றபோது, பிற்காலத்தில் பெரும் எழுத்தாளராகப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜாய்ஸ் அவருடன் பயின்றார். 1912இல் பிரௌனுக்கு வயது 32. இன்னும் குருப்பட்டம் பெறாத இறையியல் மாணவராக இருந்தார்.

அவ்வாண்டு ஏப்ரல் தொடக்கத்தில் சிற்றப்பாவிடமிருந்து ஒரு பரிசு வந்தது. அது டைட்டானிக் கப்பலில் சௌதாம்ப்டனிலிருந்து பிரான்சின் செர்பூர் வழியாகக் குயின்ஸ்டவுன் வரை செல்வதற்கான முதல் வகுப்புச் சீட்டு. கப்பலின் முழுப் பயணமும் நியூயார்க் வரையிலானது. பிரௌனின் பயணமோ ஒரு பகலும் ஓர் இரவும் மறுநாள் நண்பகலும் மட்டுமே.

சௌதாம்ப்டன் முதல் குயின்ஸ்டவுன் வரை

ஏப்ரல் 10 காலையில் இலண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து முதல் வகுப்புப் பயணிகளுக்கான தனித் தொடர்வண்டி புறப்பட்டது. பிரௌன் அங்கிருந்தே படமெடுக்கத் தொடங்கிவிட்டார். நிலைய நடைமேடையில் நிற்கும் பயணிகளை அவருடைய தொடக்கப் படங்களில் காணலாம். கப்பலில் ஏ37 என்னும் எண்ணுள்ள அறை அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

நண்பகலில் கப்பல் புறப்பட்ட உடனேயே ஒரு விபத்து நூலிழையில் தவிர்க்கப்பட்டது. டைட்டானிக் நகர்ந்தபோது எழுந்த நீரின் இழுப்பால், துறையில் கட்டப்பட்டிருந்த நியூயார்க் என்னும் கப்பலின் வடங்கள் அறுந்தன. அக்கப்பல் டைட்டானிக்கை நோக்கி இழுக்கப்பட்டது. ஒரு சில அடி இடைவெளியில் இழுவைப் படகு ஒன்று அதைப் பற்றி நிறுத்தியது. பயணிகள் பலர் மேல்தளத்தின் ஓரத்தில் கூடி நின்று இதைப் பார்த்தனர். பிரௌன் மேலிருந்து இக்காட்சியைப் படமெடுத்தார்.

அன்று மாலை கப்பல் செர்பூரை அடைந்தது. இரவிலேயே அங்கிருந்து கிளம்பி, ஏப்ரல் 11 காலை 11.30 மணியளவில் குயின்ஸ்டவுனுக்கு வெளியே நங்கூரமிட்டது. துறைமுகத்துக்குள் வர இயலாத அளவுக்குக் கப்பல் பெரியது. ஆகவே பயணிகளும் அஞ்சல் மூட்டைகளும் சிறு நீராவிக் கப்பல்களில் கொண்டுவரப்பட்டனர். அங்கு ஏறியவர்கள் 123 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற மூன்றாம் வகுப்பு அயர்லாந்து மக்கள்.

தந்தி

கப்பலின் உணவுக்கூடத்தில் பிரௌனோடு ஒரே மேசையில் அமர்ந்த அமெரிக்கச் செல்வந்தத் தம்பதியர் அவரிடம் நட்புக் கொண்டனர். தங்களோடு நியூயார்க் வரை வருமாறும், போகவரச் செலவைத் தாங்களே ஏற்பதாகவும் கூறினர். துறவியால் தன் விருப்பப்படி முடிவெடுக்க முடியாது. எனவே டப்ளினில் இருந்த சபையின் மாநிலத் தலைவரிடம் அனுமதி கேட்டுப் பிரௌன் கம்பியில்லாத் தந்தி அனுப்பினார்.

குயின்ஸ்டவுனில் பதில் காத்திருந்தது. அந்தக் கப்பலை விட்டு இறங்கு என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில் நான்கே சொற்கள். அதன்கீழ் அனுப்பியவரின் பதவிப் பெயர் மட்டும் இருந்தது. பிரௌன் கீழ்ப்படிந்தார். அத்தந்தித் தாளை நெடுங்காலம் தம் பணப்பையில் வைத்திருந்தார்.

குயின்ஸ்டவுனில் இறங்கியவர்கள் மிகச் சிலரே. பிரௌனோடு பயணம் செய்த ஓடெல் குடும்பத்தாரும் அவர்களுள் அடங்குவர். அக்குடும்பத்தைச் சேர்ந்த கேட் ஓடெல் என்னும் பெண்மணியும் வழியில் படங்கள் எடுத்திருந்தார். பிரௌனுடைய படங்களுக்கு அடுத்து முதன்மையானவையாக அவை கருதப்படுகின்றன. பிற்பகல் 1.30 மணியளவில் டைட்டானிக் நங்கூரத்தை உயர்த்தியது. அந்த நங்கூரம் நீரிலிருந்து கடைசி முறையாக மேலெழும் காட்சியும் பிரௌனின் தொகுப்பில் உள்ளது.

படங்களில் காணப்படுபவை

பிரௌன் எடுத்தவை ஒரு சாதாரணப் பயணி எடுக்கக்கூடிய படங்களே. தன் அறை, சாப்பாட்டுக்கூடம், மேல்தளத்தில் உலாவும் மனிதர்கள், கடல். அவற்றின் முக்கியத்துவம் நான்கு நாள்களுக்குப் பின்னரே ஏற்பட்டது.

கம்பியில்லாத் தந்தி அறை: டைட்டானிக்கின் தந்தி அறையைக் காட்டும் ஒரே படம் பிரௌன் எடுத்தது. இளைய இயக்குநர் ஹரால்டு பிரைடு கருவிகளின் முன் அமர்ந்திருக்கிறார். தவறுதலாக ஒரே படச்சட்டத்தில் இரு முறை ஒளி விழுந்துவிட்டதால் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. வேறு சூழலில் தூக்கியெறியப்பட்டிருக்க வேண்டிய படம் இது. இந்த அறையிலிருந்துதான் ஏப்ரல் 14 நள்ளிரவுக்குப் பின் உதவி கோரும் செய்திகள் அனுப்பப்பட்டன. பிரைடு உயிர் தப்பினார். மூத்த இயக்குநர் ஜாக் பிலிப்ஸ் இறந்தார்.

பம்பரம் விடும் சிறுவன்: மேல்தளத்தில் ஒரு சிறுவன் பம்பரம் விட, அருகில் அவன் தந்தை நின்று பார்க்கும் படம் மிகவும் அறியப்பட்டது. சிறுவன் ஆறு வயதான டக்ளஸ் ஸ்பெடன். இக்குடும்பம் முழுவதும் உயிர் தப்பியது. ஆனால் அச்சிறுவன் 1915இல் ஒரு வாகன விபத்தில் இறந்துவிட்டான். அவன் தாய் அவனுக்காக எழுதிய, பொம்மைக் கரடி ஒன்று தன் கதையைக் கூறும் சிறுநூல் 1994இல் வெளியானது. 1997இல் வந்த டைட்டானிக் திரைப்படத்தில் இந்தப் பம்பரக் காட்சி அப்படியே மீண்டும் அமைக்கப்பட்டது.

உடற்பயிற்சிக் கூடம்: கப்பலைக் கட்டிய ஹார்லண்ட் அண்டு வுல்ஃப் நிறுவனத்தின் மின்துறையைச் சேர்ந்த வில்லியம் பார், உடற்பயிற்சிக் கூடத்தில் காணப்படுகிறார். குறைகளைக் கண்டறிந்து சரிசெய்ய அந்நிறுவனம் அனுப்பிய குழுவில் அவர் ஒருவர். அக்குழுவில் ஒருவரும் பிழைக்கவில்லை.

எழுத்தாளர் ஃபுட்ரெல்: துப்பறியும் கதைகள் எழுதிய அமெரிக்கரான ஜாக் ஃபுட்ரெல், மேல்தளத்தில் நிற்கும் படம் ஒன்றுண்டு. மனைவியை உயிர்காப்புப் படகில் ஏற்றிவிட்டு அவர் கப்பலிலேயே தங்கி இறந்தார்.

கேப்டன் ஸ்மித்: கப்பல் தலைவர் எட்வர்டு ஸ்மித்தைக் காட்டும் கடைசிப் படங்களுள் சில குயின்ஸ்டவுன் நிறுத்தத்தில் எடுக்கப்பட்டவை. அவரும் கப்பலோடு இறந்தார்.

கர்பேத்தியாவில் எடுக்கப்பட்ட படங்கள்

டைட்டானிக் ஏப்ரல் 14 இரவு 11.40 மணிக்குப் பனிப்பாறையில் மோதி, அதிகாலை 2.20 மணிக்கு மூழ்கியது. 1,500 பேருக்கு மேல் இறந்தனர். மூழ்கும் காட்சியைக் காட்டும் ஒளிப்படம் எதுவும் கிடைத்ததில்லை. அது நிலவில்லாத இரவு. அக்காலப் படச்சுருள்களுக்குப் பகல் வெளிச்சம் தேவை. பத்திரிகைகளில் வெளியான மூழ்கும் காட்சிகள் யாவும் ஓவியர்கள் வரைந்தவை.

பொழுது விடிந்தபோது மீண்டும் ஒளிப்படம் வருகிறது. கர்பேத்தியா கப்பல் நியூயார்க்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குச் சென்றுகொண்டிருந்தது. உதவிச் செய்தி கேட்டு விரைந்து வந்து, உயிர்காப்புப் படகுகளில் இருந்த 700க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டது. அதில் விடுமுறைப் பயணம் சென்ற பலரிடம் ஒளிப்படக்கருவிகள் இருந்தன. லூயி ஓக்டன் என்னும் அமெரிக்கப் பயணி, உயிர்காப்புப் படகுகள் கப்பலை நெருங்கி வருவதைப் படமெடுத்தார்.

பெர்னிஸ் பால்மர் என்னும் கனடா நாட்டு இளம்பெண் தாயோடு பயணம் செய்தார். பரிசாகக் கிடைத்த கோடக் பிரௌனி கருவி அவரிடம் இருந்தது. மீட்கப்பட்டவர்கள் போர்வை போர்த்தி மேல்தளத்தில் அமர்ந்திருப்பதையும், அருகில் மிதந்த பனிப்பாறை ஒன்றையும் அவர் படமெடுத்தார். நியூயார்க்கில் அண்டர்வுட் அண்டு அண்டர்வுட் என்னும் ஒளிப்பட நிறுவனம் வெறும் 10 டாலருக்கு அவற்றின் உரிமையைப் பெற்றுக்கொண்டது. தன் கையிலிருந்தவற்றின் மதிப்பை அவர் அப்போது அறியவில்லை. அந்தக் கருவியையும் படங்களையும் 1986இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அவர் கொடையளித்தார்.

இதழ்களில் வெளியீடு

கப்பல் மூழ்கிய செய்தி பரவியதும் உலகெங்கும் பத்திரிகைகளுக்கு டைட்டானிக்கின் படங்கள் தேவைப்பட்டன. புத்தம் புதிய கப்பல் என்பதால் அதைப் படமெடுத்தவர்கள் குறைவு. எனவே பல இதழ்கள் அதன் மூத்த இணைக் கப்பலான ஒலிம்பிக்கின் படங்களையே டைட்டானிக் என்று பெயரிட்டு அச்சிட்டன. இந்தக் குழப்பம் இன்றுவரை தொடர்கிறது. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. டைட்டானிக்கில் முதல் வகுப்புப் பயணிகள் உலாவும் ஏ தளத்தின் முன்பாதி கண்ணாடிச் சன்னல்களால் அடைக்கப்பட்டிருந்தது. ஒலிம்பிக்கில் அது முழுவதும் திறந்திருந்தது.

இந்நிலையில் உண்மையாகவே டைட்டானிக்கில் எடுக்கப்பட்ட பிரௌனின் படங்களைப் பல நாட்டு நாளிதழ்கள் வெளியிட்டன. கோடக் நிறுவனம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் படச்சுருள்களை இலவசமாக வழங்கியது. கோடக் இதழிலும் அவர் எழுதிவந்தார்.

பிற்கால வாழ்க்கை

பிரௌன் 1915இல் குருப்பட்டம் பெற்றார். முதல் உலகப் போரில் ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவின் ஆன்மிகக் குருவாகப் பணியாற்றினார். பலமுறை காயமடைந்தார். நச்சுப்புகையாலும் பாதிக்கப்பட்டார். அவருடைய துணிவுக்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம் இருமுறை அளிக்கப்பட்டது.

நச்சுப்புகையால் கெட்ட உடல்நலம் தேற வேண்டி, 1924இல் வெப்பமான நாடான ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார். மீண்டும் நீண்ட கடற்பயணம். கப்பல் வாழ்க்கையையும் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனையும் வழியில் படமெடுத்தார். திரும்பும்போது இலங்கையில் இறங்கி அங்குள்ள மக்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தார். பின்னர் ஏடன், சூயஸ், நேப்பிள்ஸ், லிஸ்பன் ஆகிய துறைமுகங்கள் வழியே நாடு திரும்பினார்.

அதன்பின் அயர்லாந்து முழுவதும் மறையுரையாற்றச் சுற்றிவந்தபோது, போன ஊர்களையெல்லாம் படமெடுத்தார். அவர் வாழ்நாளில் எடுத்தவை ஏறத்தாழ 42,000 படங்கள் என்று மதிப்பிடப்படுகிறது. டைட்டானிக் படங்கள் அவற்றுள் மிகச் சிறிய பகுதியே. 1960 சூலை 7 அன்று டப்ளினில் காலமானார்.

டிரங்குப் பெட்டி

பிரௌன் இறந்தபின் அவருடைய எதிர்மறைப் படச்சுருள்கள் ஒரு பெரிய உலோக டிரங்குப் பெட்டியில் 25 ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. டப்ளினில் இயேசு சபையின் ஆவணங்களிடையே வேறொன்றைத் தேடியபோது எட்வர்டு ஓ'டானல் என்னும் சபைத் துறவி 1980களின் நடுவில் அதைத் திறந்து பார்த்தார். எடுத்த இடமும் நாளும் குறிக்கப்பட்ட பல்லாயிரம் படங்கள் உள்ளே இருந்தன. இலண்டன் சண்டே டைம்ஸ் இதழின் ஆசிரியர்களுள் ஒருவர் இதைச் சாக்கடல் சுருளேடுகளின் கண்டுபிடிப்புக்கு ஒப்பிட்டார்.

கண்டுபிடிப்பு இன்னும் தாமதமாகியிருந்தால் பயனின்றிப் போயிருக்கும். பழைய படச்சுருள்கள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை. இப்பொருள் எளிதில் தீப்பற்றும். காலப்போக்கில் தானாகவே மஞ்சளித்து, பிசுபிசுத்து, இறுதியில் பொடியாகும். ஒரு பெட்டியில் ஒரு சுருள் கெடத் தொடங்கினால், அதிலிருந்து வெளிப்படும் ஆவி மற்றவற்றையும் கெடுக்கும். டேவிட் டேவிசன், எட்வின் டேவிசன் ஆகிய தந்தையும் மகனும் சுருள்களைத் தூய்மை செய்து, பாதுகாப்பான படச்சுருளில் படியெடுத்தனர். டைட்டானிக் படங்களின் தொகுப்பு நூல் 1997இல் வெளிவந்தது. தொடர்ந்து ஊர்கள், தொழில்கள், போர், கடற்பயணங்கள் எனப் பல தலைப்புகளில் இருபதுக்கும் மேற்பட்ட நூல்கள் வெளிவந்துள்ளன.

வரலாற்று மதிப்பும் வரம்பும்

டைட்டானிக்கைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் ஏராளம். விசாரணைக் குழுக்களின் பதிவுகளும் தப்பியவர்களின் வாக்குமூலங்களும் உள்ளன. அவை யாவும் விபத்துக்குப் பின் எழுந்தவை. நடக்கப்போவதை அறிந்தவர்கள் சொன்னவை. பிரௌனின் படங்களோ விபத்துக்கு முன்பு எடுக்கப்பட்டவை. அவற்றில் இருப்பவர்கள் எதையும் அறியாமல் உலாவுகின்றனர், விளையாடுகின்றனர், கடலைப் பார்க்கின்றனர். கப்பலின் உட்புற அமைப்பை ஆராய்வோர்க்கும் அருங்காட்சியகங்களுக்கும் திரைப்படக் கலைஞர்களுக்கும் அவை இன்றும் அடிப்படைச் சான்றுகளாக உள்ளன.

இவற்றின் வரம்பும் கவனிக்கத்தக்கது. பிரௌன் முதல் வகுப்புப் பயணி. அவர் நடமாடிய இடங்களே பெரும்பாலும் படங்களில் உள்ளன. கீழ்த்தளங்களில் ஏறத்தாழ 700 மூன்றாம் வகுப்புப் பயணிகள் இருந்தனர். அவர்களில் உயிர் தப்பியவர்கள் கால் பங்கினரே. கொதிகலன் அறைகளில் நிலக்கரி அள்ளிப் போட்டவர்களும் இருந்தனர். இவர்களுடைய அறைகளையோ உணவு மேசைகளையோ காட்டும் பயணிப் படங்கள் நம்மிடம் இல்லை. குயின்ஸ்டவுனில் ஏறிய அயர்லாந்து மக்களில் பலருடைய முகத்தை, வீட்டார் வைத்திருந்த ஏதேனும் ஒரு நிலையப் படம் இருந்தால்தான் அறிய முடியும்.

ஒரு நிகழ்வின் படங்களாக எவை எஞ்சுகின்றன என்பதை, கருவி யார் கையில் இருந்தது, அவர் எங்கே நின்றார், எப்போது இறங்கினார், அவருக்குப் பின் பெட்டியைத் திறந்தவர் யார் என்னும் கேள்விகளே தீர்மானிக்கின்றன. பிரௌனின் தொகுப்பில் இந்நான்குக்கும் தெளிவான விடை உண்டு. இடத்தையும் நாளையும் குறித்துவைக்கும் அவருடைய வழக்கம் அதற்குப் பெரிதும் உதவியது. குறிப்பில்லாத படம் ஒரு தலைமுறை கடந்தபின் பெயரற்ற முகங்களாகிவிடும். அவர் எழுதிவைத்த சில சொற்களால், 1912 ஏப்ரல் 11 அன்று டைட்டானிக்கின் தளத்தில் நின்றவர்கள் பலரை இன்றும் பெயர் சொல்லி அடையாளம் காண முடிகிறது.